பெர்னிஸ் எழுந்திருக்காத நாற்காலி

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்டர்நெட் என்ற ஒன்று விடாமல் ஓடுகிறதென்றால் அது பெர்னிஸ் செய்த புண்ணியம். டெங்கில் பக்கம் ஒரு டவர் இருமினால் பிரிக்பீல்ட்ஸில் அவளுக்குத் தும்மல் வரும். லைன் இழுக்கிற கம்பெனிக்காரர்கள் அவள் தலையசைத்த பிறகுதான் ஏணியில் காலே வைப்பார்கள். சரி, சரி, மசாலா கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. உள்ளபடி சொன்னால், அவள் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு சமையல் கூடத்தின் இணைப்புகளை. அதற்கு இரண்டு கிளைகள். ஆனால் கல்யாண வெள்ளிவிழா அன்று கணவர் கொர்னேலியஸின் பேச்சை நாற்காலியை விட்டு எழாமல், கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து கேட்டாள் என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை. அதை அவளே பல பேரிடம், பல தடவை சொல்லியிருக்கிறாள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள் பெர்னிஸ். அப்பா சிக்னல்காரர். ஒரு தண்டவாளம் அடைபட்டால் வண்டியை அடுத்ததில் திருப்பிவிடுவது அவர் வேலை. அம்மா ஞாயிறு பள்ளி ஆசிரியை. எந்த வீட்டுப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வழிக்குத் திருப்புவது அவர் வேலை. இந்த இருவருக்கும் பிறந்த பெண் வேறு என்ன செய்வாள்? ஹோட்டல் ஒன்றில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, கூப்பிடுகிறவரைக் கேட்ட அறைக்குத் திருப்பிவிட்டாள். போர்டு போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரிகள் எல்லாம் கல்யாணம், மகப்பேறு என்று கழன்றுகொள்ள, இவள் மட்டும் மேசைக்கு அடியில் புகுந்து எந்த வயர் எங்கே போகிறது என்று பார்த்தாள். அன்று மேசைக்கு அடியில் போனவள் இன்னும் முழுசாக வெளியே வரவில்லை என்பார் கொர்னேலியஸ்.

இப்போது ஐம்பதைத் தொடப் போகிறாள். முடிக்குப் போட்ட சாயம் ஒரு பக்கம் மட்டும் செம்பாக மின்னும். சலூன்காரி செய்த கோளாறு அது. அக்கா டொரத்தியிடம் மட்டும் ஃபேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

அவள் வேலை பார்ப்பது புஷ்பவல்லி அம்மாளின் சமையல் கூடத்தில். பிரிக்பீல்ட்ஸில் கீழே அடுப்பு, மேல்மாடியில் ஆபீஸ். கிள்ளானிலும் ஸ்ரீ கெம்பாங்கானிலும் கிளைகள். கல்யாணமோ, காதுகுத்தோ, கம்பெனி மீட்டிங்கோ, ஆர்டர் எல்லாம் கடையின் இணையப் பக்கத்தில் வந்து விழும். எந்த லோரி எந்தச் சாப்பாட்டுத் தேக்சா அண்டாவை எந்த வீட்டு வாசலில் இறக்க வேண்டும் என்பதும் அதில்தான் தெரியும். அந்த இணையப் பக்கம் குடியிருக்கிற மெஷின் மேல்மாடி அலமாரியில் இருந்தது. அதை எங்கேயாவது பெரிய கம்பெனியின் மெஷினில் வாடகைக்கு வைக்கலாம் என்று பெர்னிஸ் சொல்லிப் பார்த்தாள்.

"எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத இடத்துலயா? அதுக்கு வெள்ளிக்கிழமை யாரு சாம்பிராணி காட்டுறது?" என்றார் புஷ்பவல்லி.

பெர்னிஸ் மெதடிஸ்ட்காரி. சாம்பிராணிக்கு மறுப்புச் சொல்லவில்லை. காற்றுப் போகிற ஓட்டையில் எலுமிச்சம்பழம் செருகியதற்கு மட்டும் ஒரு நாள் சண்டை போட்டாள்.

மெஷின் மாடியில் இருந்ததால் தொல்லையும் மாடியிலேயே இருந்தது. லைன் அறுந்தால் கடை கண் மூடிவிடும். அதற்காகவே பெர்னிஸ் இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு லைன் வாங்கிப் போட்டிருந்தாள். ஒன்று தரைக்கு அடியில் வருவது. மற்றது கூரைமேல் வைத்த தட்டு வழியாகக் காற்றில் வருவது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற யாராவது போய் நிற்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் பெர்னிஸ்தான். அக்கா மகனின் ஞானஸ்நானத்தில், போதகர் பிள்ளை தலையில் தண்ணீர் வைத்த நேரத்தில் இவள் டாக்சியில் இருந்தாள். கிறிஸ்துமஸ் கேரலில் ஆல்ட்டோ பாடிக்கொண்டிருந்தவள் இரண்டாவது பாட்டின் நடுவில் காணாமல் போனாள். லைனுக்கும் நல்ல நாள் பார்க்கத் தெரிந்திருந்தது. சும்மா இருக்கிற செவ்வாய்க்கிழமையில் அது அறுந்ததே கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பழி பத்தாவது கல்யாண நாளில் விழுந்தது. கொர்னேலியஸ் கமுட்டர் ரயிலில் டிக்கெட் பார்க்கிறவர். சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல். பேச்சு குறைவு, ஒரு பக்கம் எழுத அவருக்கு ஒரு மாதம் பிடிக்கும். அன்று எழுதிக்கொண்டு வந்து, கையில் கிளாசோடு நின்று, "என் அன்பு மனைவி பெர்னிஸ்..." என்று திரும்பிப் பார்த்தால், நாற்காலியில் அவள் கைப்பை கூட இல்லை. மனிதர் அசரவில்லை. மிச்சப் பேச்சை அந்த நாற்காலியைப் பார்த்தே பேசி முடித்தார்.

"நாற்காலி நல்லா கேட்டுச்சு," என்று வருஷா வருஷம் சொல்வார். கோபமாகச் சொன்னால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அதனால்தான் அது அவளைக் குத்தியது.

வெள்ளிவிழா நெருங்கியபோது கொர்னேலியஸ் மறுபடி குளியலறையில் தனக்குள் முணுமுணுக்கத் தொடங்கினார். ஒரு நாள் துண்டோடு வெளியே வந்தவர், "இந்தத் தடவை உன்கிட்ட பேசணும் பெர்னி. நாற்காலிகிட்ட வேண்டாம்," என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே பெர்னிஸ் புஷ்பவல்லி முன்னால் போய் நின்றாள்.

"பாஸ், இனிமே லைன் அறுந்தா நான் ஓடி வரப்போறதில்ல. தானா மாறுற மாதிரி செய்யப்போறேன்."

"தானா எப்படி மாறும்? சோறு தானா வடியுமா?"

"கேளுங்க. நம்ம கடைக்கு முன்வாசல் ஒண்ணு, பின்சந்து வாசல் ஒண்ணுன்னு வைங்க. வர்றவங்களுக்குக் கடை பேருதான் தெரியும், வாசல் தெரியாது. முனையில பேப்பர் விக்கிற தம்புசாமி அங்கிளைக் கேக்கறாங்க. அவரு முன்வாசலைக் கை காட்டுறாரு. ஒரு நாள் முன்வாசல் அடைச்சுக் கிடந்தா?"

"பின்சந்தைக் காட்டுவாரு."

"அதேதான். இன்டர்நெட்ல அந்தத் தம்புசாமிக்குப் பேரு டிஎன்எஸ். பேரைச் சொன்னா எந்த வாசல்னு நம்பர் சொல்லும். ரெண்டு லைனுக்கும் தனித்தனி நம்பர். ஒண்ணு செத்தா இன்னொண்ணைச் சொல்லும்."

"அந்த மனுஷனுக்குக் கண்ணே சரியில்ல. முன்வாசல் அடைச்சது அவருக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு ஒரு ஆளு. சும்மா சும்மா வந்து கதவைத் தட்டிக்கிட்டே இருக்கும். பதில் இல்லன்னா ஓடிப்போய் அவருகிட்ட சொல்லிடும்."

"அதுக்கும் மத்தியானம் சாப்பாடு போடணுமா?"

"ஐயோ, அது ஆளு இல்ல பாஸ், புரோகிராம்."

புஷ்பவல்லி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தார். முப்பது தேக்சாவை ஒரே நேரத்தில் கண்ணில் வைத்திருக்கிற தலை அது. "நேத்தே கேட்டுட்டுப் போனவன் இருக்கான்ல? அவன் இன்னிக்கு யாரையும் கேக்காம நேரா முன்வாசலுக்குத்தானே வருவான்?"

பெர்னிஸுக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. "அதுக்குத்தான் தம்புசாமி அங்கிள் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிவிடுவாரு, இந்தப் பதிலு ஒரு நிமிஷத்துக்குத்தான் செல்லும், அப்புறம் மறுபடி வந்து கேளுன்னு."

"பேப்பர் விக்க நேரம் இருக்குமா அவருக்கு?" என்றார் புஷ்பவல்லி. அது சம்மதம் என்று அர்த்தம்.

கதவு தட்டுகிற ஆளை முதலில் பெர்னிஸ் கடைக்கு உள்ளேயே வைத்தாள். ஒரு நாள் வாசல் அடைபட்டது. அது அடைபட்டது உள்ளே இருந்தவருக்கு நன்றாகவே தெரிந்தது. அவரும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், வெளியே போய்ச் சொல்லத்தான் வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். தலையில் அடித்துக்கொண்டு, ஆளைத் தூக்கி ஊருக்கு வெளியே, இணையத்தின் வேறொரு மூலையில் வைத்தாள். பிறகு ஒரு வேலை நாள் மத்தியானம், முதல் லைனைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டுக் காத்திருந்தாள். பக்கம் கொஞ்சம் திணறியது, பிறகு இரண்டாவது லைனில் எழுந்து உட்கார்ந்தது. ஸ்ரீ கெம்பாங்கானைக் கூப்பிட்டாள். ஆர்டர் தெரிகிறது என்றார்கள். கிள்ளான் கிளையைப் பார்த்துக்கொள்ளும் நாகையாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஸ்கிரீன் ஓகேவா?"

நாகையா அப்போது ஒரு கையில் போனும் ஒரு கையில் ஜல்லிக்கரண்டியுமாக வடைச் சட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். ஸ்கிரீன் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "ஓகே லா தங்கச்சி! எல்லாம் ஓகே!" என்றார்.

வடை ஓகேதான். பெர்னிஸ் அதை ஸ்கிரீன் கணக்கில் எழுதிக்கொண்டு லைனைத் திரும்பச் செருகினாள்.

வெள்ளிவிழா ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிள்ளானில் டொரத்தி வீட்டு வாசலில், வாடகைக் கூடாரத்துக்குக் கீழே. பிரியாணி, பச்சடி, மட்டன் பெரட்டல் எல்லாம் புஷ்பவல்லி கடையின் கிள்ளான் கிளையிலிருந்து. நாகையா உணவும் கொண்டுவந்தார், விருந்தாளியாகவும் வந்தார். பூப்போட்ட பத்திக் சட்டையில் மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளையாக இருந்தார். வாசலிலேயே டொரத்தி தங்கையிடம் கை நீட்டினாள்.

"போனைக் குடு."

"அக்கா, சும்மா வச்சிருக்கேன்..."

"குடு. இன்னிக்கு நீ கல்யாணப் பொண்ணு. பேச்சு முடியற வரைக்கும் அந்த நாற்காலியில இருந்து எழுந்தே, உன்னை நாற்காலியோட சேர்த்துக் கட்டிப்போடுவேன்."

போன் டொரத்தியின் கைப்பைக்குள் போயிற்று. பெர்னிஸ் மேடை மேசையில், பட்டுப் புடவையும் செம்பு முடியுமாக, கொர்னேலியஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கி அவள் காதுக்கு அருகில் நின்று ரீங்காரம் போட்டது. கொர்னேலியஸ் இரண்டு காகிதங்களை எடுத்து, மைக்கை ஊதிப் பார்த்து, எழுந்தார்.

"பெர்னிஸை நான் முதல் முதலா பார்த்தது பங்சார் போற பஸ்ஸுல. அவ என் கால்மேல நின்னா. இறங்குற வரைக்கும் நின்னா."

கூடாரம் சிரித்தது. டொரத்தியின் கைப்பை உறுமியது. டொரத்தி மூக்குக் கண்ணாடியை ஏற்றி எட்டிப் பார்த்தாள். சர்ச்சில் வசனம் வாசிக்கிற குரலில் தங்கை காதில் சொன்னாள். "லைன் ஒண்ணு செத்துப்போச்சாம். லைன் ரெண்டுக்கு மாறிடுச்சாம். உக்காரு."

பிரிக்பீல்ட்ஸில் சாலை தோண்டிய இயந்திரம் ஒன்று கேபிளைக் கடித்திருந்தது. பெர்னிஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் ஓடாமல், அவள் தொடாமல், அவள் பார்க்கக்கூடச் செய்யாமல் கடை பின்சந்து வாசலில் திறந்துகொண்டது. கேரலில் விட்ட இரண்டாவது பாட்டை இப்போது எழுந்து பாடலாம் போலிருந்தது அவளுக்கு. கணவரைப் பார்த்துத் தாராளமாகச் சிரித்தாள். அவரும் தைரியம் வந்து அடுத்த வரிக்குப் போனார்.

அப்போதுதான் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பத்திக் சட்டை குனிந்து வந்தது.

"தங்கச்சி," என்றார் நாகையா, போனைக் கையால் பொத்திக்கொண்டு. "கடையில இருந்து ஷாமினி. ஸ்கிரீன் வெள்ளையா இருக்காம். சாயங்கால ஆர்டர் ஒண்ணும் தெரியல. லோரி மூணும் நிக்குது, எந்த வீட்டுக்குப் போறதுன்னு தெரியாம."

"இருக்காது அண்ணே. மாறியாச்சு. ஸ்ரீ கெம்பாங்கான்ல ஓடுது."

"கிள்ளான்ல ஓடல."

"ஸ்கிரீன் மேல, முகவரி கட்டத்துல என்ன இருக்குன்னு கேளுங்க."

நாகையா கேட்டார். கேட்டுவிட்டு நெளிந்தார். "நம்பர் இருக்காம்."

"நம்பரா? கடை பேரு இல்ல?"

ஒலிபெருக்கியில் கொர்னேலியஸ் தேனிலவுக்குப் போன கேமரன் மலையில் மழையில் நனைந்துகொண்டிருந்தார். நாகையா இன்னும் குனிந்தார்.

"அது வந்து தங்கச்சி... முன்னாடி நீ வந்து மெஷின் பூட்டினப்போ டெஸ்ட் பண்ண ஒரு நம்பர் அடிச்சே இல்ல? அதோட கடைசி நாலு இலக்கத்தை ஞாயித்துக்கிழமை நாலு நம்பர் லாட்டரிக் கடையில எழுதினேன். ஆறுதல் பரிசு விழுந்துச்சு. ராசியான நம்பரு. அதான், பேரை எடுத்துட்டு அந்த நம்பரையே முகவரியில வச்சிட்டேன். தினமும் காலையில அதைத் தொட்டுக் கும்பிட்டுட்டுதான் கடை திறக்கிறோம்."

"நம்பரை அடிச்சா தினமும் சிவப்பா எச்சரிக்கை வந்திருக்குமே அண்ணே!"

"வரும். பரவால்லன்னு தட்டிட்டுப் போயிடுவோம். சிவப்பு நல்ல கலருதானே."

அது செத்துப்போன முதல் லைனின் நம்பர். ஊர் முழுக்கத் தம்புசாமியைக் கேட்டுப் பின்சந்துக்கு வந்துகொண்டிருக்க, கிள்ளான் கிளை மட்டும் யாரையும் கேட்காமல், பூட்டிய முன்வாசலில் சூடம் காட்டிக்கொண்டிருந்தது. அதை எந்தப் புரோகிராமாலும் திருப்ப முடியாது.

"பேரை அடிக்கச் சொல்லுங்க! நம்பரை அழிச்சுட்டு பேரை!"

"அவ புதுசு, பேரு தெரியாது. நீயே சொல்லு."

பெர்னிஸ் போனை வாங்கிச் சொன்னாள். "ஆன்டி? ஆன்டி, கேக்கல!" என்றாள் ஷாமினி. காதுக்கு அருகில் ஒலிபெருக்கி கேமரன் மலை மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் உரக்கச் சொன்னாள். "ஆன்டி, யாரோ ஒரு அங்கிள் சத்தம்தான் கேக்குது!" நடந்து போனால் வாசல் கேட். கேட்டுக்கு வெளியே சாலை. அங்கே நின்று சொன்னால் கேட்கும். மொத்தம் இருபது எட்டு இருக்காது. அங்கே மூன்று லோரி. எத்தனையோ வீட்டில் எத்தனையோ விருந்து. அவள் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது. கால் தரையில் ஊன்றியது. புடவைக் கொசுவம் தானாக எழுந்துகொண்டது.

மழை நின்றது.

கொர்னேலியஸ் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது வருஷத்தில் அவர் திரும்பிப் பார்த்தபோது முகம் எப்படி இருந்ததென்று அவளுக்குத் தெரியாது. பார்க்க அவள் அங்கே இல்லை. இப்போது பார்த்தாள்.

"பேரா?" என்றார் கொர்னேலியஸ், மைக்கை மூடாமலேயே.

பெர்னிஸ் தலையாட்டினாள்.

அவர் காகிதங்களை மேசைமேல் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பாடகர் குழுவின் அடிக்குரலில், ஒவ்வொரு எழுத்தாக, கூடாரத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, கடையின் இணையப் பெயரை ஒப்பிக்கத் தொடங்கினார். "பி. யூ. எஸ். ஹெச்." எத்தனை இரவுச் சாப்பாட்டில் அவர் எதிரில் உட்கார்ந்து அவள் யார் யாருக்கோ அதைப் போனில் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்கிறாள்! ரசம் ஆற, அப்பளம் நமுக்க, அவர் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். சர்ச்சில் பாட்டின் இரண்டாவது சரணத்துக்கே புத்தகம் பார்க்கிறவர், இதற்கு எதையும் பார்க்கவில்லை. "...டாட் மை," என்று இழுத்து முடித்தார்.

பின்வரிசையில் ஒரு பெரியவர், "ஆமென்," என்றார்.

போனுக்குள்ளிருந்து ஷாமினி கத்தியது மேசை முழுக்கக் கேட்டது. "வந்துடுச்சு ஆன்டி! எல்லா ஆர்டரும் வந்துடுச்சு! அந்த அங்கிளுக்கு தேங்க்யூ சொல்லுங்க!"

கூடாரம் ஏதோ புதுவிதமான கல்யாண வாழ்த்து என்று நினைத்துக் கை தட்டியது. நாகையா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். கொர்னேலியஸ் காகிதங்களைத் திரும்ப எடுத்தார்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பிரிக்பீல்ட்ஸ் மேல்மாடியில் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. காற்று ஓட்டைக்கு மட்டும் விலக்கு. கீழே சுண்டல் வாசம் வந்துகொண்டிருந்தது. புஷ்பவல்லி, கிள்ளானிலிருந்து வந்த நாகையா, ஷாமினி, சுண்டல் என்றால் எந்த மதத்துக்கும் போகிற டொரத்தி எல்லாரும் இருந்தார்கள். நாகையாவின் கடையில் இப்போது முகவரிக் கட்டத்தில் பெயர்தான் இருக்கிறது. ராசி நம்பர் மட்டும் தங்கக் காகிதத்தில் எழுதப்பட்டு ஸ்கிரீனுக்கு மேலே சுவரில் தொங்குகிறது. கும்பிட அது, தட்ட இது. பெர்னிஸ் அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டாள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த கணக்குப்பிள்ளை பெண் இரண்டாவது லைன் எதற்கு என்று கேட்டதுதான் தாமதம், பெர்னிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தம்புசாமியில் தொடங்கி, கேபிளைக் கடித்த இயந்திரத்துக்கு வந்து, கூடாரத்தில் முடித்தாள்.

"அதான்மா சொல்றேன். லைன் அறுந்துச்சு, தானா மாறுச்சு, லோரி எல்லாம் போச்சு. நான் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. அவரு பேச்சைக் கடைசி வரி வரைக்கும் கேட்டேன்."

டொரத்தி வாயிலிருந்த சுண்டலை மென்று முடித்தாள்.

"எங்க கேட்டே? அவரு மறுபடி பேப்பரை எடுத்த உடனே நீ எழுந்து ஓடிப்போய் அவரைக் கட்டிப் புடிச்சு, அந்தப் பேப்பரையே புடுங்கி மூக்கைச் சிந்தினே. ரெண்டாவது பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு பாவம் அந்த மனுஷனுக்கே இன்னும் ஞாபகம் வரல."